நனைத்தது பனியா, வியர்வையா? ஸ்கீ ஷெல் உடைகளைச் சோதிக்கும் விதம்

பனிமலையில் ஒரு மணி நேரம் ஏறிவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றினால், உள்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு சொதசொதவென்று இருக்கிறது. "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினோம், ஒழுகுதே" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் ஜாக்கெட் ஒழுகியிருக்காது. அந்த ஈரம் மொத்தமும் போட்டிருந்தவரின் வியர்வை. ஷெல் என்ற இந்த வெளியுடையைச் சோதிக்கிற வேலை எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். உடம்பை நனைத்த தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

முதலில் இரண்டு சொற்கள். ஸ்கீ டூரிங் என்றால் லிஃப்ட் (மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட இருக்கை) உதவியில்லாமல் சொந்தக் காலால் மலை ஏறி, பிறகு சறுக்கி இறங்குவது. ஏறும்போது ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். அதிலுள்ள குட்டை மயிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீரைட் என்பது சீர்செய்த பாதையை விட்டு விலகி, யாரும் தொடாத பனியில் இறங்குவது. இவர்கள் பெரும்பாலும் லிஃப்டில்தான் மேலே போவார்கள். டூரிங் போகிறவரின் நாளில் முக்கால்வாசி ஏற்றம், வியர்வை. ஃப்ரீரைட் ஆளின் நாள் லிஃப்ட் இருக்கை, குளிர்காற்று, இடுப்பளவுப் பனியில் விழுந்து எழுவது என்று போகும். ஒரே ஜாக்கெட்டை இவர்கள் இருவரிடமும் கொடுத்தால் இரண்டு வேறு தீர்ப்புகள் வரும், இரண்டுமே சரியாக இருக்கும்.

ஷெல் என்பது வெளி ஓடு. அதில் கதகதப்புக்கான பஞ்சு எதுவும் கிடையாது. குளிர் தாங்குவதை உள்ளே போடும் அடுக்குகள் பார்த்துக்கொள்ளும். தண்ணீரையும் காற்றையும் தடுப்பது மட்டும்தான் ஷெல்லின் பாடு. நல்ல ஷெல்களில் பெரும்பாலானவை மூன்று அடுக்குத் துணி. வெளியே உழைக்கும் நைலான் அல்லது பாலியஸ்டர், நடுவே மெல்லிய சவ்வு, உள்ளே சவ்வு தேயாமல் காக்கும் வலை போன்ற துணி. மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும்.

நடுவில் இருக்கும் சவ்வுதான் கதாநாயகன். டெஃப்லான் என்று நமக்குத் தெரிந்த பி.டி.எஃப்.இ. பிளாஸ்டிக்கை 1938-ல் கண்டுபிடித்தவர் ராய் பிளங்கெட். அதைச் சூடாக்கி மெல்ல இழுத்தால் அறுந்துபோகும். 1969-ல் பாப் கோர் அதை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அறுவதற்குப் பதிலாகப் பல மடங்கு நீண்டு, உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகளோடு ஒரு புதுப்பொருள் கிடைத்தது. கோர்டெக்ஸ் என்ற பெயர்பெற்ற சவ்வு வந்த கதை இதுதான். அந்தத் துளையில் நீர்த்துளி நுழையாது, ஆனால் தனித்தனி மூலக்கூறாக வரும் நீராவி போய்விடும். சவ்வு எல்லாமே துளையுள்ளது என்று நினைத்துவிட வேண்டாம். துளையே இல்லாமல், நீராவியை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் விடுகிற பாலியூரிதேன், பாலியஸ்டர் சவ்வுகளும் உண்டு. இந்த வித்தியாசம் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

வெளித்தண்ணீர்

ஜாக்கெட்டில் தொங்கும் அட்டையில் "20,000" என்று ஒரு எண் இருக்கும். அது மில்லிமீட்டர் கணக்கு. ஐ.எஸ்.ஓ. 811 என்ற சோதனையில், துணியை ஒரு வளையத்தில் இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரின் அழுத்தத்தைச் சீராக ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுபக்கத்தில் மூன்றாவது இடத்தில் தண்ணீர் கசிந்ததும் நிறுத்தி, அப்போதைய அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். 20,000 என்றால், 20 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணைத் தலையில் வைத்தாலும் துணி தாங்கும் என்று பொருள்.

பனியில் யார் 20 மீட்டர் தண்ணீருக்கு அடியில் நிற்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் அழுத்தம் தண்ணீரின் உயரத்தால் மட்டும் வருவதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை என்பது ஏறக்குறைய 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். 75 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ முதுகுப்பையோடு, ஈரமான கெட்டித் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால்கள் தரையைத் தொடும் பரப்பு இரண்டும் சேர்த்து 80 சதுர சென்டிமீட்டர் என்றால், அழுத்தம் 10,000 மி.மீ.யைத் தாண்டிவிடும். மெத்தென்ற பனியில் முழங்கால் புதைந்து பரப்பு கூடுவதால் அழுத்தம் குறையும். லிஃப்டின் ஈர இருக்கையில் உட்கார்ந்தால் எடை பரவிவிடும், ஆயிரம் மி.மீ. அளவில்தான் நிற்கும். ஆக 10,000 என்ற துணி பெரும்பாலான நாட்களுக்குப் போதும், முழங்காலிலும் பை அழுத்தும் தோளிலும் மட்டும் 20,000 கைகொடுக்கும். அதற்கு மேல் 28,000, 30,000 என்று போகும் எண்கள் விளம்பரத்துக்குத்தான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த எண் புதுத் துணியின் ஒரு துண்டுக்குக் கிடைத்தது. முழு ஜாக்கெட்டில் தையல் இருக்கிறது, ஜிப் இருக்கிறது, கழுத்தும் மணிக்கட்டும் திறந்திருக்கின்றன. ஒழுகும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை துணியில் ஒழுகுவதில்லை. தையல் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் உள்பக்கம் ஒரு டேப்பால் மூடியிருப்பார்கள். அது எங்காவது உரிந்தால் தண்ணீருக்கு அந்த இடம் போதும். ஜிப்புகளில் பல தண்ணீரைச் சமாளிப்பவை மட்டுமே, முழுக்கத் தடுப்பவை இல்லை. அதனால்தான் பெரிய சோதனைக் கூடங்களில் பொம்மைக்கு முழு உடையையும் மாட்டி, மேலிருந்து செயற்கை மழை பொழிந்து, உள்ளே எங்கே நனைகிறது என்று பார்க்கிறார்கள்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஷவர் போதும். ஜாக்கெட்டுக்குள் சாம்பல் நிறப் பருத்திச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நிறத்தில் ஒரு சொட்டு பட்டாலும் கருமையாகக் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். வெந்நீரில் நின்றால் வியர்த்துச் சோதனையே கெட்டுவிடும். பையையும் மாட்டிக்கொண்டு, ஸ்கீ கம்பைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டு பதினைந்து நிமிடம் நிற்கலாம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி, சட்டையில் கறுத்த இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். மார்பு நடுவில் நேர்கோடாக ஈரம் என்றால் ஜிப். தோளில் பட்டையாக என்றால் தையல் டேப், அல்லது பை அழுத்திய இடம். முழங்கைவரை என்றால் மணிக்கட்டு வழியாக ஏறிய தண்ணீர். அது துணியின் குறை இல்லை, பட்டையை இறுக்காததன் குறை.

வெளித்துணியின் முகம்

ஷவருக்கு முன்னும் பின்னும் ஜாக்கெட்டை எடை போட்டுப் பார்க்கச் சொல்வேன். நன்றாக உதறிய பிறகும் நூறு, நூற்றைம்பது கிராம் கூடியிருந்தால் வெளித்துணி தண்ணீரைக் குடித்திருக்கிறது. சவ்வு அதற்குக் கீழே இருப்பதால் உள்ளே எதுவும் வராது. ஆனாலும் இது சின்ன விஷயமில்லை.

வெளித்துணியின் மேல் நீர் ஒட்டாத ஒரு பூச்சு இருக்கும். தாமரை இலைத் தண்ணீர்போல் துளிகள் உருண்டோடுவது அதனால்தான். பூச்சு போய்விட்டால் துணி ஊறும், கனக்கும், சில்லிடும். ஊறிய துணிக்கு மேலே தண்ணீர்ப் படலம் நிற்பதால் உள்ளிருந்து நீராவி வெளியேற வழியில்லாமல் போகும். வியர்வை உள்ளேயே தங்கி, குளிர்ந்த துணியில் பட்டுத் திரும்பவும் தண்ணீராகும். போட்டிருப்பவருக்கு மழை உள்ளே வந்துவிட்டதுபோலவே இருக்கும். "ஒழுகுகிறது" என்று திருப்பிக் கொடுக்கப்படும் ஜாக்கெட்டுகளில் எத்தனைக்கு உண்மையில் பூச்சு மட்டும் போயிருக்குமோ!

பூச்சைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஐ.எஸ்.ஓ. 4920-ல், 45 டிகிரி சாய்த்து வைத்த துணியின் மேல் 250 மி.லி. தண்ணீரைத் தெளித்து, எவ்வளவு நனைந்தது என்று ஒப்பீட்டுப் படத்தோடு வைத்து மதிப்பெண் போடுவார்கள். சில விவரக்குறிப்புகளில் "80/20" என்றிருக்கும். 20 தடவை துவைத்த பிறகும் 100-க்கு 80 வாங்குகிறது என்று அர்த்தம். துவைக்காத ஜாக்கெட்டில் தண்ணீர் உருள்வதைப் படம் பிடித்துக் காட்டுவது ஒரு சோதனையே இல்லை. புதிதில் எல்லா ஜாக்கெட்டிலும் உருளும்.

இந்தப் பூச்சின் வேதியியல் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. முன்பு பயன்பட்ட ஃப்ளோரின் சேர்மங்கள், அதாவது பி.எஃப்.ஏ.எஸ்., இயற்கையில் சிதையாமல் தங்கிவிடுபவை. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்தும் பிரான்சில் 2026 தொடக்கத்திலிருந்தும், சில விலக்குகள் தவிர, துணிகளில் இவற்றுக்குத் தடை. கோர் நிறுவனமே 2022-ல் ஃப்ளோரின் இல்லாத, விரிவாக்கப்பட்ட பாலிஎத்திலீன் சவ்வுக்கு மாறத் தொடங்கியது. புதுப் பூச்சுகள் தண்ணீரை நன்றாகவே விரட்டுகின்றன. எண்ணெயைத்தான் அவற்றால் விரட்ட முடிவதில்லை. சன்ஸ்கிரீன், தோலின் எண்ணெய், லிஃப்டின் கிரீஸ் எல்லாம் படிந்துகொள்ளும்; படிந்த இடத்தில் தண்ணீர் ஊறும். அதனால் பழைய ஜாக்கெட்டைவிடப் புதியதை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது. கழுத்துப்பட்டையும் மணிக்கட்டும்தான் முதலில் தோற்கும். பத்து நாள் போட்ட ஜாக்கெட்டில் இந்த இரண்டு இடங்களையும் பார்த்தால் பூச்சின் தரம் தெரிந்துவிடும்.

உள்தண்ணீர்

இனி டூரிங் போகிறவர்களுக்கு முக்கியமான பகுதி. ஒரு சின்னக் கணக்கு போடலாம். உடல், உடை, ஸ்கீ எல்லாம் சேர்த்து 85 கிலோவை ஒருவர் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏற்றுகிறார். அந்த வேலைக்குத் தேவை சுமார் 90 வாட். உடம்பு அப்படியொன்றும் சிக்கனமான எந்திரம் இல்லை. செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவாகத்தான், உருப்படியான வேலையாகிறது. மீதி ஏறக்குறைய 400 வாட் வெப்பம். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். குளிர்காற்று ஒரு பகுதியைக் கவனித்துக்கொள்ளும் என்றாலும், மொத்தத்தையும் வியர்வையால்தான் தள்ள வேண்டும் என்றால் மணிக்கு 600 கிராம் ஆவியாக வேண்டும்.

அட்டையில் இருக்கும் இரண்டாவது எண் இதைப் பற்றியது. "20,000 கிராம்" என்றால், ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் அவ்வளவு நீராவி போகும். மணிக்கு வகுத்தால் 833 கிராம். அடடா, தேவைக்கு மேலேயே இருக்கிறதே! ஆனால் அந்த 833 சோதனைக் கூடத்தில் கிடைத்தது. நீராவி தானாக வெளியே ஓடாது. உள்ளே அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நகரும். சோதனையில் இந்த ஏற்றத்தாழ்வை நாம் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். எல் 1099-ல் மட்டுமே பல முறைகள் உண்டு. பி-1 முறையில் துணியின் ஒரு பக்கம் தண்ணீரையே தொட்டுக்கொண்டிருக்க, மறுபக்கம் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும் உப்புக்கரைசல் வைக்கப்படும். ஏ-1 முறையில் துணியைத் தண்ணீர் தொடுவதில்லை, ஈரக்காற்றுதான் படும். ஈரத்தை உறிஞ்சி வேலை செய்யும் துளையில்லாச் சவ்வுக்கு பி-1 சொர்க்கம். எண் பல மடங்கு ஏறிவிடும். எந்த முறை என்று சொல்லாமல் "20,000" என்று மட்டும் போட்டிருந்தால், அந்த எண்ணை இன்னொரு ஜாக்கெட்டின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

கொஞ்சம் நேர்மையான அளவீடு 'ரெட்'. ஐ.எஸ்.ஓ. 11092 என்ற இந்தச் சோதனையில் வியர்க்கும் தோல்போல ஈரமாக வைத்த ஒரு தகட்டை 35 டிகிரி சூட்டில் வைத்து, அதன்மேல் துணியைப் போட்டு, தகட்டின் சூடு குறையாமலிருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளப்பார்கள். துணி நீராவிக்குக் காட்டும் தடைதான் ரெட். ஆகவே இங்கே எண் குறைவாக இருந்தால் நல்லது. 6-க்குக் கீழே என்றால் அருமை, 13 வரை நன்று, 20-ஐத் தாண்டினால் ஏற்றத்துக்கு ஆகாது என்பது பொதுவான கணக்கு.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சோதனையில் காற்றும் 35 டிகிரிதான்! பனிமலையில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. குளிர்காற்றில் நீராவி மிகக் குறைவு என்பதால் உள்ளிருந்து வெளியே இழுப்பு பலமாகத்தான் இருக்கும். ஆனால் ஷெல்லின் உள்பரப்பும் சில்லிட்டிருக்கும். வெதுவெதுப்பான நீராவி அதைத் தொட்டவுடன், சவ்வைக் கடக்கும் முன்பே நீராகிவிடும். நல்ல குளிரில் உறைபனியாகவே படியும். மேலே போய் ஜாக்கெட்டைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று பூத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சூடான அறைக்குள் வந்ததும் அது உருகிச் சொட்டும், ஜாக்கெட் ஒழுகுகிறது என்ற பழி வரும்.

சரி, மலையில் இதை எப்படி அளப்பது? சமையலறைத் தராசு ஒன்றும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளும் போதும். உலர்ந்த உள்சட்டையைப் பையோடு எடை போட்டுவிட்டு ஏற வேண்டும். உச்சியில் உடனே மாற்றி, ஈரச் சட்டையைப் பையில் போட்டு மூடிவிட வேண்டும். வந்து எடை பார்த்தால், கூடியிருப்பது முழுக்க வெளியேற முடியாமல் சட்டையில் சிக்கிய வியர்வை. இரண்டு ஜாக்கெட்டுகளை ஒப்பிடும்போது ஆள், சரிவு, இதயத் துடிப்பு, உள்சட்டை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று போட்டால் வெயிலையும் களைப்பையும்தான் அளந்திருப்போம். முதல் நாள் 'அ', பிறகு 'ஆ'. மறுநாள் 'ஆ', பிறகு 'அ' என்று மாற்றிப் போட்டால் ஓரளவு நியாயம் கிடைக்கும்.

இதே சோதனையை அக்குள் ஜிப்பைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை செய்து பாருங்கள். சவ்வு வழியாக நீராவி மூலக்கூறு மூலக்கூறாகக் கசிய வேண்டும். திறந்த ஜிப்பில் காற்றே மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். என்னைக் கேட்டால், நீளமான அக்குள் ஜிப்பும் தொடையில் பக்கவாட்டு ஜிப்பும் உள்ள சாதாரணச் சவ்வு உடை, ஜிப்பே இல்லாத உயர்தரச் சவ்வு உடையை ஏற்றத்தில் தோற்கடிக்கும். அனுபவமுள்ள பலர் ஏறும்போது ஷெல்லைப் பையில் வைத்துவிட்டு, காற்று புகும் மெல்லிய மேல்சட்டையில்தான் போகிறார்கள். அப்படிப் பார்த்தால் டூரிங் ஷெல்லின் எடையும், மடித்தால் பையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதும்கூடச் சோதிக்க வேண்டியவைதான்.

இறக்கம்

ஃப்ரீரைட் சோதனையில் தராசுக்கு அதிக வேலையில்லை. வேண்டுமென்றே விழ வேண்டும். ஆழமான பனியில் பக்கவாட்டில் உருண்டு எழுந்து, கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு எங்கே பனி புகுந்தது என்று பார்ப்பது. உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடைபோல் வரும் பனித்தடுப்பும், மார்புவரை ஏறும் பேண்டும் இதற்காகத்தான். ஹெல்மெட்டுக்கு மேல் தலைமூடியைப் போட்டு, தலையை இரு பக்கமும் திருப்ப வேண்டும். மூடியும் கூடவே திரும்பினால் நல்லது; கண் தலைமூடியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சரிவில் அது ஆபத்து. கையுறையோடு எல்லா ஜிப்பையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் பாக்கெட் இருந்தும் பயனில்லை.

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்சீவர் கருவியை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மார்புப் பாக்கெட்டில் கைப்பேசி இருந்தால், கருவிக்கும் அதற்கும் குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், தேடும்போது 50. பாக்கெட் அமைந்த இடம் இதற்கு ஒத்துவரவில்லை என்றால், மற்ற மதிப்பெண்கள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் எனக்கு அந்த ஜாக்கெட் வேண்டாம்.

பேண்டில் கணுக்காலின் உள்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. ஸ்கீயின் எஃகு விளிம்பு அங்கேதான் வெட்டும். அந்த இடத்தில் தடித்த துணி வைத்திருப்பார்கள். இருபது நாள் கழித்து அதில் எத்தனை வெட்டு என்று எண்ணினால் போதும்.

எந்த நாளில் சோதிப்பது என்பதும் முக்கியம். மைனஸ் 15 டிகிரியில் விழும் உலர்ந்த பனியைத் தட்டிவிட்டால் போய்விடும். சாதாரணக் காற்றுத்தடுப்புச் சட்டைகூட அன்றைக்கு வாட்டர்ப்ரூஃப் மாதிரி நடிக்கும். உண்மையான பரீட்சை பூஜ்யத்துக்கும் இரண்டு டிகிரிக்கும் நடுவே, பனியா மழையா என்று சொல்ல முடியாமல் கொட்டுகிற நாளில். துணியில் ஒட்டி அங்கேயே உருகும் அந்த ஈரப்பனி பூச்சு, தையல், ஜிப் மூன்றையும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும்.

பருவம் முடிந்து ஒழுகுவதுபோல் தோன்றும் பழைய ஷெல்லைத் தூக்கிப் போடுவதற்கு முன், பராமரிப்பு லேபிளைப் பார்த்து, அதற்கான திரவத்தில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்தியில் சுற்ற விடுங்கள். சூடு பட்டால் பூச்சு பல நேரம் உயிர் பெறும். அப்புறம் மறுபடியும் அதே ஷவர், அதே சாம்பல் சட்டை, அதே தராசு. துளிகள் உருண்டு, எடையும் கூடாமலிருந்தால் அதற்கு அழுக்குதான் வியாதி. எடை மட்டும் கூடி சட்டை உலர்ந்திருந்தால் புதுப் பூச்சு தெளித்தால் சரியாகும். தையலோரம் சட்டை கறுத்திருந்தால் டேப் உரிந்திருக்கிறது. ஓரிரு இடம் என்றால் ஒட்டிவிடலாம். தையலே இல்லாத இடத்தில், முதுகின் நடுவிலோ தோளிலோ திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால் சவ்வு பிரிந்துவிட்டது. அதை மட்டும் எந்தத் திரவத்தாலும் சரிசெய்ய முடியாது.